மூலைக்கு மூலை முழுக்கல்

ஈஞ்சம்பட்டியில் மூத்தாள் வகையறாவும் இளையாள் வகையறாவும் ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு ஒருத்தர் போவதை நிறுத்தி, பிறகு அடுத்தவன் வீட்டுச் சாவுக்குச் சிரிப்பதையும் நிறுத்தி, சிரிப்பதும் ஒரு ஒட்டுறவுதானே என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட வருஷத்தில், ஊர் நடுவில் இருந்த திடல் ஒரு நாள் காலையில் சதுரமாகிக் கிடந்தது. என்றைக்கோ ஒருத்தனுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு பெண்களின் வயிற்றில் கிளைத்த கூட்டம்தான் மொத்த ஊரும். மூத்தவள் வழி ஒரு பக்கம், இளையவள் வழி ஒரு பக்கம், நடுவில் திடல். முந்தின நாள்வரை அது நாய் கவ்விப் போட்ட பணியாரம் மாதிரி இங்கே பிதுங்கி அங்கே நசுங்கிக் கிடந்தது. விடிந்து பார்த்தால் நாலு ஓரமும் நூல் பிடித்தாற்போல், நாலு மூலையும் கத்தியால் அறுத்தாற்போல். நாமெல்லாம் வாயால் சொல்கிற சதுரம் இல்லை, எறும்பு மீசை அளவுகூடக் கூடுதல் குறைச்சல் இல்லாத நிஜச் சதுரம். ஏன் ஆனது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஓரம் குறைந்துவிட்டதா என்றுதான் இரண்டு கூட்டமும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

குறையவில்லை. சண்டைக்குச் சாக்கு போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

அந்தத் திடலில் கால் வைத்தால் 'சுமார்' என்ற பேச்சு எடுபடாது என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. கீரைக்காரி அங்கே கூடையை இறக்கினால் கட்டெல்லாம் ஒரே கனமாகிவிடும், ஒன்றை மெலிசாகக் கட்டி உள்ளே செருக முடியாது; அவள் வைதுகொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு ஒரு முப்பது இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்த கல்யாணத் தரகருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நிஜ வயதைச் சொன்ன பிறகுதான் விட்டது, அந்தச் சம்பந்தமும் விட்டுப்போனது. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்துவிட்டதால், சண்டை போட வழியில்லாமல் இளவட்டங்கள் கிரிக்கெட்டையே விட்டார்கள். ஊர் பழகிக்கொண்டது. பொய் பேச வேண்டிய ஜோலி இருந்தவர்கள் திடலைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அதனால் திடலுக்குள் ஆள் நடமாட்டமே இல்லாமல் புல் முளைத்தது, அந்தப் புல்லும் ஒரே உயரத்தில் நின்றது.

புல் முளைத்ததும் அது யார் மாட்டுக்கு என்ற கேள்வி வந்தது. திடலைப் பிரித்துவிடலாம் என்றார்கள். ஒரு மூலையில் எல்லைக் கருப்பன் பீடம், அதற்கு நேர் எதிர் மூலையில் ஊருக்கே தண்ணீர் தரும் போர் பம்பு. சாமியும் தண்ணீரும் இரண்டு கூட்டத்துக்கும் வேண்டும் என்பதால் நேராகப் பிரிக்க வழியில்லை. மூலைக்கு மூலை, பீடத்திலிருந்து பம்புவரை, குறுக்கே சுவர் எழுப்ப வேண்டும். ஈஞ்சம்பட்டியில் எல்லைச் சுவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே அச்சில் அடித்த முழுக்கல்லால்தான் கட்ட வேண்டும், கல்லோடு கல் ஒட்ட வேண்டும், இடையில் சாந்து கிடையாது. உடைத்த கல் எல்லையில் நின்றால் குடி உடையும். உன் பக்கம் பெரிய கல், என் பக்கம் சின்னக் கல் என்று நாளைக்கு வாய்ச்சண்டை வரக்கூடாது என்பதற்காக, நாலு ஓரத்துக்கும் குறுக்குச் சுவருக்கும் அதே ஒரு கல்தான் என்று பேசி முடித்தார்கள். மூத்தாள் வகையறாவுக்குப் பெரியதலை வீரணன் அம்பலம், இளையாள் வகையறாவுக்குப் பூவலிங்கம் அம்பலம். இரண்டு பேரும் திடலில் கால் படாமல் வெளிப்பக்கம் நின்று, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி பீடத்தில் சூடத்தை அணைத்து, முழுக்கல்லால் மூலைக்கு மூலை மூடும், இது சத்தியம், மூடாமல் போனால் பொய் செய்தவன் கை காய்ந்த எண்ணெயில் இறங்கும் என்றார்கள்.

சுவரைக் கட்ட இரண்டு வகையறாவிலும் சேராத கொத்தன் வேண்டும். அப்படிக் கிடைத்தவன் சோணைமுத்து. வெளியூர்க்காரன், யார் அதட்டினாலும் தப்பு தன்னுடையதுதான் என்று முதலில் ஒத்துக்கொண்டு பிறகு என்ன தப்பு என்று கேட்கிறவன். அவனோடு சித்தாள் வேலைக்கு அவன் மகள் ராக்கு வந்தாள். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை, அவளாகத்தான் விட்டாள். கணக்கு வகுப்பில் சில எண்கள் எந்தப் பின்னத்துக்கும் அடங்காது, விகிதமுறா எண் என்று பெயர், நிரூபணத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வா என்றார்கள். ஏன் அடங்காது என்று இவள் கேட்டாள். வெளியே நில் என்றார்கள். வெளியே நின்றவள் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டாள், திரும்பிப் போகவில்லை. அப்பனோடு கல் சுமப்பதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. அப்பன் குனிந்து குனிந்து பேசுவதுதான் அவளுக்கு ஆகாது.

சோணைமுத்து சதுர அச்சு செய்து கல் அடித்தான். நாலு ஓரமும் முழுக்கல்லாகவே வந்து மூலையில் கச்சிதமாக முட்டி நின்றது. குறுக்குச் சுவர் மட்டும் பம்பு மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது. இன்னொரு கல் வைக்க இடம் போதாது, விடவும் முடியாது, ஒரு ஆடு நுழைகிற சந்து. சின்ன அச்சு செய் என்றார்கள். எல்லாவற்றையும் பிரித்து, சின்னக் கல் அடித்து, மறுபடி கட்டினான். ஓரங்கள் மூடின. குறுக்கில் சந்து, கோழி நுழைகிற அளவு. அதையும் பிரித்து அதைவிடச் சின்ன அச்சு, அதையும் பிரித்து இன்னும் சின்ன அச்சு. கை நுழைகிற சந்து, விரல் நுழைகிற சந்து, கடைசியில் வெளிச்சம் மட்டும் நுழைகிற சந்து. ஒருத்தருக்கும் தெரியாமல் அதில் சாந்தை அப்பிப் பார்த்தான் சோணைமுத்து. வேறு எந்த ஊரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திடலில் அது சுவரை விட்டுத் தானே கழன்று பொத்தென்று விழுந்தது.

சந்து இருந்தவரைக்கும் ஊர் அதைப் பயன்படுத்தியது. அதுவரை மூஞ்சியைப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு வைவதற்கு ஒரு வாசல் கிடைத்தது. இளையாள் வகையறாவின் அடைக்கி காலைக் கஞ்சியைக் குடித்ததும் சந்துக்கு நேரே வந்து குந்திக்கொள்வாள். மூத்தாள் தெருவில் யார் போனாலும் அவன் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி வரிசையாக இறங்கி வருவாள். சந்து ஆடு அகலம் இருந்தபோது வசவும் ஆடு அகலம் இருந்தது. சந்து சிறுக்கச் சிறுக்க வசவும் சிறுத்துக் கூராகி, வெளிச்சம் மட்டும் போகிற காலத்தில் அவள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொள்வாள், அந்தப் பக்கத்தில் ஒருத்தன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

ஆனால் மூடாத சுவர் மூடாத சுவர்தான். இளையாள்காரன் காசு கொடுத்துச் சந்து வைக்கச் சொல்லியிருக்கிறான் என்றது ஒரு கூட்டம். மூத்தாள்காரன் கள் வாங்கி ஊற்றியிருக்கிறான் என்றது இன்னொரு கூட்டம். எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் கொத்தன் வஞ்சகன் என்பதில் ஒத்துப்போனது. சோணைமுத்துவின் மொபெட்டில் முன் சக்கரத்தை மூத்தாள் ஆட்களும் பின் சக்கரத்தை இளையாள் ஆட்களும் கழற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கருப்பன் பீடத்துக்கு முன்னால் எண்ணெய் காயும், வலது கையை முழங்கைவரை விட வேண்டும், வஞ்சகம் இல்லையென்றால் சாமி காப்பாற்றும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

"என் கையிலதான் பிசகு இருக்கும் தாயி" என்றான் சோணைமுத்து, கல் அடிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

ராக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே கைதானே நாலு ஓரத்தையும் கட்டியது, அதில் எங்கே போனது பிசகு என்று கேட்டாள். அவன் ஊர்க்காரர்கள் சொன்னால் இருக்கும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அவள் வெளியே வந்து, கோபத்தில் உதைப்பதற்கு எதுவும் கிடைக்காமல், திடலின் மண்ணில் குச்சியால் கட்டம் கட்டமாகக் கீறினாள். பள்ளிக்கூடத்தில் படித்த நிரூபணத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருந்தது, முதல் வரி: முடியும் என்று வைத்துக்கொள்வோம். மீதியெல்லாம் போய்விட்டது. போனால் போகட்டும் என்று அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கீறினாள், அழித்தாள், கீறினாள், பம்புக்கு வந்த பெண்கள் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள், அவள் இன்னும் கீறிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் காய்ந்தது. ஊர்ப் பொது அண்டாவில், இரண்டு கூட்டமும் சரிபாதி ஊற்றிய கடலை எண்ணெய். திடலில் ஊற்றியதால் உண்மையாகவே சரிபாதி. மூத்தாள் கூட்டம் சுவருக்கு அந்தப் பக்கம், இளையாள் கூட்டம் இந்தப் பக்கம், அண்டா பீடத்தின் முன்னால். இடுப்பளவுச் சுவருக்கு மேலே இரண்டு பக்கத்துத் தலைகளும் தெரிந்தன. ராக்கு சுவர்மேல் ஏறி நின்றாள். இறங்குடி என்று யாரோ கல்லை விட்டெறிந்தார்கள், தோளில் பட்டது. அப்பன் கையைப் பொசுக்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு பொசுக்குங்கள் என்றாள்.

"பள்ளிக்கூடத்துல பெஞ்சைத் தேச்சா, இப்ப நம்ம சுவத்தைத் தேய்க்க வந்துட்டா" என்றாள் அடைக்கி. இரண்டு பக்கமும் சிரித்தது.

"சுவரு மூடும்னே வச்சுக்குவோம்" என்று தொடங்கினாள் ராக்கு.

அவ்வளவுதான், கூட்டம் பொங்கிவிட்டது. மூடும் என்று அவளே ஒத்துக்கொண்டாள், அவள் வாயாலேயே வந்துவிட்டது, கருப்பன் வரவழைத்துவிட்டான் என்று குலவை போட்டார்கள். இரண்டு பேர் சோணைமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து அண்டாவை நோக்கி இழுத்தார்கள். அவன் இழுத்த இழுப்புக்குப் போனான்.

"ஒத்துக்கல" என்றாள் ராக்கு. அவள் கத்தவில்லை, ஆனால் சுவர்மேலிருந்து குதித்து அண்டாவுக்கும் அப்பனுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். "வச்சுக்குவோம்னேன். நீங்க சொல்றதை நெசம்னு கையில எடுத்துக்கிட்டு, அது எங்க போயி முட்டுதுன்னு பாப்போம். முட்டலைன்னா என் கையும் சேத்து ரெண்டு கையா இறக்குங்க."

இரண்டு கை என்றதும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. நடக்கட்டும் என்றார் வீரணன் அம்பலம்.

அவள் அப்பன் தோள் துண்டைச் சதுரமாகக் கிழித்தாள். அந்தத் திடலில் கிழித்தது கச்சிதமான சதுரமாகவே கிழிந்தது. நாலு முனையையும் நடுவுக்கு மடித்தாள், சின்னச் சதுரம் ஆனது, மேலே ஒரு மடிப்பு கீழே ஒரு மடிப்பு. அப்படியென்றால் விரித்த துணி மடித்த துணியைப்போல் இரண்டு பங்கு, இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்றாள். இல்லை. மடித்த துணியின் மூலைக்கு மூலைதான் விரித்த துணியின் ஓரம், வந்து பாருங்கள் என்றாள். அந்தப் பக்கத்துக்காரர்களும் சுவரைத் தாண்டி வந்து பார்த்தார்கள். ஆக, குறுக்குச் சுவர் நீளத்தை ஓரமாக வைத்து ஒரு பெரிய தரை போட்டால், அது இந்தத் திடலைப்போல் சரியாக இரண்டு. குறுக்குச் சுவர் முழுக்கல்லால் மூடும் என்றால், அந்தப் பெரிய தரையையும் முழுக்கல்லாகப் பாவலாம். மூத்தாளுக்கு ஒரு திடல், இளையாளுக்கு ஒரு திடல், இரண்டின் கல்லையும் கொட்டினால் பெரிய தரை ஒரு கல் மிஞ்சாமல் நிரம்ப வேண்டும். அப்படித்தானே? அப்படித்தான் என்றது கூட்டம். அதுவரை பிடித்திருந்தது.

அவள் மண்ணில் பெரிய சதுரம் ஒன்று நூல் பிடித்துக் கீறினாள். மூத்தாளின் திடலை ஒரு மூலையில் ஒட்டிச் செம்மண்ணால் நிரப்பினாள். இளையாளின் திடலை எதிர் மூலையில் ஒட்டிச் சுண்ணாம்புப் பொடியால் நிரப்பினாள். இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. செம்மண்மேல் சுண்ணாம்பு விழுந்த இடம் பழுத்த கொய்யாவின் உள்சதை நிறத்தில் ஒரு சதுரமாக நின்றது. மீதி இரண்டு மூலையில் இரண்டு சின்னச் சதுரம் வெறும் மண்ணாகக் கிடந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். "ரெண்டு பேரு கல்லும் சேந்து மொத்தத் தரைக்கும் சரி. அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் எனக்குத்தான்னு மேல மேல விழுந்து அடிச்சுக்கிற நடு இடமும், ரெண்டு பேருமே திரும்பிப் பாக்காம விட்ட அந்த ரெண்டு மூலையும் சமம். ஒரு கல்லு கூடாது, ஒரு கல்லு குறையாது."

அடைக்கி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

எல்லாக் கோடும் கல் இடுக்கில்தான் ஓடுகிறது, ஆகவே இந்த நடுச் சதுரமும் முழுக்கல், அந்த மூலைச் சதுரங்களும் முழுக்கல். ஒரு பெரிய சதுரம், அதற்குச் சமமாக இரண்டு சின்னச் சதுரம். எங்கே தொடங்கினோமோ அங்கேயே நிற்கிறோம், ஆனால் சிறுத்து நிற்கிறோம். அந்தச் சின்னது இரண்டையும் தூக்கி நடுச் சதுரத்தின் எதிரெதிர் மூலையில் வைத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும், மறுபடி இரண்டு மூலை வெறுமனே கிடக்கும், மறுபடி சமம், மறுபடி முழுக்கல், அதற்குள்ளே மறுபடி, அதற்குள்ளே மறுபடி என்று ராக்கு குனிந்து குனிந்து கீறிக்கொண்டே போனாள். கூட்டம் வட்டமாக நெருக்கியடித்துக் குனிந்தது, மூத்தாள்காரன் இளையாள்காரன் முதுகில் சாய்ந்துகொண்டு பார்த்தான், சாய்ந்தது தெரியாமலே சாய்ந்தான், சதுரம் தட்டளவு ஆனது, வெற்றிலை அளவு ஆனது, நகம் அளவு ஆனது, அந்தத் திடலில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு சரி போதும் என்று விட முடியாததால் ஒருத்தருக்கும் பார்வையை எடுக்க முடியவில்லை.

"இப்படியே எம்புட்டு நாளைக்கு இறங்குவ?" என்றார் பூவலிங்கம் அம்பலம். குரலில் எரிச்சல்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். கல்லு முழுக்கல்லு. முழுக்கல்லுன்னா எங்கனயாச்சும் வந்து ஒத்தக் கல்லுல நிக்கணும். அந்த ஒத்தக் கல்லை ரெண்டு சமக் கூறாக்கி, கூறுக்கு முழுக்கல்லு குடுங்க பாப்போம்."

குடுக்க முடியாது.

"அப்ப இந்தக் கல்லு ஆகாது, வேற கல்லு..." என்று இழுத்தார் வீரணன்.

"எந்தக் கல்லும் ஆகாது. மணலையே ஒண்ணொண்ணாச் செதுக்கி அடுக்கினாலும் ஆகாது. எங்கப்பன் கையில பிசகு இல்ல. மூடும்னு வச்சுக்கிட்டதுலதான் பிசகு." மூச்சு வாங்கிக்கொண்டாள். நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு நிறுத்தத் தெரியாது. "மூடும்னு கருப்பன் முன்னாடி சத்தியம் பண்ணுனது எங்கப்பன் இல்ல. எண்ணெ காஞ்சிருச்சு. பொய்ச் சத்தியம் பண்ணுன கை எதுவோ அது வரட்டும்."

கூட்டம் மெல்ல நிமிர்ந்து இரண்டு அம்பலங்களின் வலது கைகளையும் பார்த்தது. வீரணன் தன் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். பூவலிங்கம் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு, பல வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, அந்த இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பங்காளிகள் இல்லையா, ஒருத்தன் நினைப்பு இன்னொருத்தனுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

"பங்கு" என்றார் பூவலிங்கம், அந்தக் காலத்தில் குளத்தில் குதித்து விளையாடும்போது கூப்பிட்ட பெயரால், "கல்லுல பிசகு இல்ல, கொத்தன் கையிலயும் இல்ல. திடல்லதான் இருக்கு. இது எவன் கேட்டான் இம்புட்டுச் சதுரம்?"

"ஒரு மூலையைக் கொத்திருவோம்" என்றார் வீரணன்.

கடப்பாரையும் மண்வெட்டியும் எங்கிருந்துதான் வந்தனவோ. ராக்கு ஓடிப்போய்ப் பம்பு மூலையில் நின்றாள். கொத்தினாலும் நான் சொன்னது பொய்யாகிவிடாது என்றாள். பொய் என்று இங்கே எவள் சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே அடைக்கி அவளை இடுப்போடு தூக்கி ஒரு ஓரமாக வைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குகிற மாதிரி, பாதி அன்பாகக்கூட.

"நெசத்தை வச்சுக்கிட்டு எல்லை கட்ட முடியுமாடி?" என்றாள். "போடி அங்கிட்டு."

இரண்டு வகையறாவும் சேர்ந்து கொத்தியது. ஒருத்தன் கொத்த ஒருத்தன் அள்ளினான், மூத்தாள் பெண்கள் கொண்டுவந்த நீராகாரத்தை இளையாள் ஆண்கள் குடித்தார்கள், ஒரு திருவிழா மாதிரி இருந்தது, ஊர் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைச் செய்து யாரும் பார்த்ததில்லை. மூலை நொறுங்கியதும் மற்ற மூலைகளும் சோம்பலாகக் கொஞ்சம் நெளிந்துகொடுத்தன. ஒரே உயரத்தில் நின்ற புல்லில் சிலது தலையைத் தொங்கப்போட்டது. சுமாராக ஒரு முழம் போதும்பா என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. ஊர் கைதட்டியது.

வா கொத்தனாரே, கடைசிக் கல்லை வை என்றார்கள். அதுவரை வாடா போடா. ராக்கு அப்பனைப் பார்த்தாள், வைக்காதே என்று கண்ணால் சொன்னாள், பிறகு வாயாலும் சொன்னாள். அவன் சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனான். கல்லை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். கல் உட்கார்ந்துகொண்டது. ஒரு நூல் இடைவெளி இருந்த இடத்தில் விரலால் மண்ணைத் தடவினான், மண் நின்றது. குலவை போட்டார்கள். போட்டு முடித்ததும் அவரவர் பக்கம் போய் நின்று, அவரவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். வைவதற்கும் வாசல் இல்லை இப்போது. சக்கரங்கள் இரண்டும் இரண்டு திசையிலிருந்து உருண்டுவந்து மொபெட்டின் பக்கத்தில் விழுந்தன.

எண்ணெய் மிச்சம் இருந்தது. காய்ந்த எண்ணெயைக் கொட்டுவார்களா யாராவது. உளுந்து அரைத்து வைத்திருந்த வீடுகள் இரண்டு பக்கமும் இருந்தன; அண்டா மூத்தாள் பக்கத்திலிருந்து இளையாள் பக்கத்துக்கும், இளையாள் பக்கத்திலிருந்து திரும்பவும் சுவர்மேலாகப் பேச்சில்லாமல் கைமாறியது. வடை வாசம் திடல் முழுக்க ஏறியது. கொத்தனுக்கும் அவன் மகளுக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

ராக்கு தொடவில்லை. தோளில் கல் பட்ட இடம் வீங்கியிருந்தது. சோணைமுத்து சக்கரத்தை மாட்டிவிட்டு, கையை மண்ணில் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். இலையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பசித்திருந்தது போலிருக்கிறது. ஒரு வடையை எடுத்துப் பிட்டு வாயில் போட்டான், சூடு பொறுக்காமல் விரலை உதறி ஊதிக்கொண்டான், பிறகு இன்னொன்றை எடுத்தான்.

வலது கையால்தான் தின்றான்.